மாத்திரையா, மோரா?

கேள்வியைச் சுருக்கி எடுத்துவைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். உங்களுக்கு 34 வயது. ஒன்றரை ஆண்டுகளாக மனச்சோர்வுக்கு எஸ்சிட்டாலோபிராம் 10 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறீர்கள். பாதி தேவலை, பாதி அப்படியே. கூடவே வயிற்று உப்புசம், நாலு நாள் மலச்சிக்கல், அடுத்த நாலு நாள் பேதி. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் உடலில் உள்ளதன் 95 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது, ஆகவே மனச்சோர்வு மூளையின் நோயே கிடையாது, குடல் பாக்டீரியாவின் கோளாறு என்று ஒருவர் காணொளியில் அடித்துச் சொல்லியிருக்கிறார். மலப் பரிசோதனை ஒன்று, மூன்று மாதத்துக்கான புரோபயாடிக், அதாவது நன்மை செய்யும் பாக்டீரியா அடைத்த கேப்சூல் என ஒரு தொகுப்பையும் உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள். கடைசி வரியில், மோர் குடித்தால் ஏதாவது பலன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

குடல் பாக்டீரியா மனதைப் பாதிக்குமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பது எழுதாமல் விட்ட கேள்வி. எழுதாததற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒன்றரை ஆண்டு எடுத்த மாத்திரையைச் சட்டென்று விட்டால் சில நாட்களிலேயே தலைசுற்றல், எரிச்சல், கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு எல்லாம் வரலாம். அதைக் கடந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நோய் திரும்புவதோ வாரங்கள், மாதங்கள் கழித்து, ஓசையில்லாமல். அதற்குள் புரோபயாடிக்தான் குணமாக்கியது என்று நான்கு பேரிடம் சொல்லியும் இருப்பார்கள்.

நான் மனநல மருத்துவர். தெற்கே ஒரு நடுத்தர ஊரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நோயாளிகளைப் பார்க்கிறேன். நுண்ணுயிரியல் என் துறை இல்லை; ஆய்வுக்கூடத்தில் சுண்டெலி வளர்த்தவனும் இல்லை. இந்தத் துறையின் கட்டுரைகளை நோயாளிகள் கேட்கும் கேள்விகளுக்காகப் படித்துவருபவன், அவ்வளவுதான். ஆனால் வயிற்றுக்கும் மனதுக்கும் உள்ள தொடர்பை எனக்குக் கட்டுரைகள் கற்றுத்தரவில்லை. கட்டைப்பைகள் கற்றுத்தந்தன.

ஜவுளிக்கடைக் கட்டைப்பை நிறைய மருத்துவக் காகிதங்களோடு வருபவர்கள் எங்கள் புறநோயாளிப் பிரிவில் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அப்படி வந்த ஓர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நான்கு ஆண்டுகளில் மூன்று எண்டோஸ்கோப்பி, இரண்டு ஸ்கேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் இரைப்பை அழற்சி, மற்றபடி ஒன்றுமில்லை என்றே எழுதியிருந்தது. பையின் அடியில் பாதி தீர்ந்த கேஸ் மாத்திரை அட்டைகள். வயிற்றில் கல்லைக் கட்டினாற்போல் இருக்கிறது, பசி செத்துவிட்டது, ஏப்பம் மேலே வராமல் நெஞ்சிலேயே நிற்கிறது என்றார். எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது என்று கேட்டேன். மூன்றரைக்கு, அதற்கப்புறம் தூக்கமே கிடையாது என்றார். கடைசியாக எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டதும் பையை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் ஆறேழு வாரங்களில் தூக்கம் வந்தது, பசி வந்தது, கேஸ் தொந்தரவும் போனது. அவர் பாக்டீரியாவுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

நம் ஊரில் மனது சரியில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு மருமகளோ மாமியாரோ மருத்துவரிடம் போய்விட முடியாது. வயிறு சரியில்லை என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். காணொளிக்காரர் உங்களுக்குக் கொடுப்பதும் ஒருவகையில் அதே சௌகரியம்தான்: உனக்கு ஒன்றுமில்லை, உன் குடலுக்குத்தான் என்று அவர் சொல்லும்போது பாரம் இறங்குகிறது. அந்த ஆறுதலை நான் கேலி செய்யமாட்டேன். அவர் சொல்வதில் எவ்வளவு நிற்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

செரட்டோனின் கணக்கில் எண் சரி, முடிவு தவறு. உடலின் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடல் சுவரில் உள்ள சில சிறப்புச் செல்கள் உண்டாக்குவதுதான். பாக்டீரியாவுக்கு அதில் பங்கு இருப்பதும் உண்மை. கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 2015இல் நடந்த ஆய்வில், பாக்டீரியாவே இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் குடலிலும் ரத்தத்திலும் செரட்டோனின் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது, குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களைக் கொடுத்ததும் ஏறியது. ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. குடலில் உண்டான செரட்டோனின் அதைத் தாண்டாது. கீழ்வீட்டு அடுப்பில் எவ்வளவு எரித்தாலும் மேல்வீட்டுச் சோறு வேகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே, மூளைத் தண்டில் உள்ள நரம்புச் செல்களில் தயாரித்துக்கொள்கிறது. குடலின் செரட்டோனினுக்கு அங்கேயே வேலை இருக்கிறது: குடலை அசைப்பது, குமட்டலைத் தூண்டுவது. செரட்டோனினைக் கூட்டும் மாத்திரைதான் எஸ்சிட்டாலோபிராம்; நீங்கள் அதைத் தொடங்கிய முதல் வாரத்தில் குமட்டலோ வயிற்றுப்போக்கோ வந்திருந்தால், காரணம் இதுதான். மாத்திரைக்கு மேல்வீடு கீழ்வீடு தெரியாது; இரண்டு இடத்திலும் வேலை செய்யும்.

தடுப்பைத் தாண்டுவது செரட்டோனினின் மூலப்பொருளான டிரிப்டோஃபேன். பருப்பிலும் முட்டையிலும் பாலிலும் நாம் சாப்பிடும் அமினோ அமிலம். உடலில் அழற்சி இருந்தால் இதில் அதிகப் பங்கு கைனுரெனின் என்ற வேறு பாதைக்குத் திரும்பிவிடுகிறது. குடல் பாக்டீரியா அழற்சியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்பதால், சுற்றுவழியில் மூளைக்குப் போய்ச்சேரும் ஒரு தொடர்பு இங்கே இருக்கிறது. அழற்சி மனதைக் கெடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு ஒரு காலத்தில் இன்டர்ஃபெரான் ஊசி மாதக்கணக்கில் போடுவார்கள். அதற்கு முன் மனச்சோர்வின் வாடையே இல்லாதவர்கள் பலர் ஊசி தொடங்கிய சில வாரங்களில் எங்களிடம் வந்து நின்றார்கள். நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டியெழுப்பும் ஒரு மருந்து, அசல் மனச்சோர்வையே கொண்டுவந்தது.

இன்னொரு பாதை வேகஸ் நரம்பு. மூளைத் தண்டிலிருந்து நெஞ்சு வழியாக வயிறுவரை இறங்கும் நீண்ட நரம்பு இது. மூளை வயிற்றுக்கு இடும் உத்தரவுகளைக் கொண்டுபோவதுதான் இதன் வேலை என்று நாங்கள் படிக்கும் காலத்தில் மனதில் பதிந்திருந்தது. உண்மையில் இதன் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கீழிருந்து மேலே செய்தி கொண்டுபோபவை. உத்தரவைவிட மனுக்கள்தான் அதிகம். மூன்றாவது, நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்கள். இவை குடல் சுவரின் செல்களுக்கு உணவு; சுவர் கட்டுக்கோப்பாக இருக்க உதவுகின்றன. ஆக, பாதைகள் இருக்கின்றன. இது உறுதி. அந்தப் பாதைகளில் உங்கள் மனச்சோர்வு வந்ததா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

பாக்டீரியாவின் எண்ணிக்கையைச் சொல்லி மலைக்கவைப்பவர்களையும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் செல்களைப்போல் பத்து மடங்கு பாக்டீரியா, எடை இரண்டு கிலோ என்பதெல்லாம் பழைய தோராயக் கணக்கு. இஸ்ரேலின் வைஸ்மன் கழகத்தார் 2016இல் உட்கார்ந்து எண்ணிப்பார்த்தார்கள்: சராசரி ஆணுக்குச் செல்கள் 30 லட்சம் கோடி, பாக்டீரியா 38 லட்சம் கோடி. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. எடை இருநூறு கிராம் அளவு.

இந்தத் துறை சூடு பிடித்தது ஜப்பானில். கியூஷு பல்கலைக்கழகத்தார் 2004இல் வெளியிட்ட ஆய்வில், கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த சுண்டெலிகளை அசைய முடியாத ஒரு குறுகிய குழாயில் அடைத்துவைத்தார்கள். சாதாரணச் சுண்டெலிகளைவிட அவற்றின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன் மிக அதிகமாக எகிறியது. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபன்டிஸ் என்ற ஒரே ஒரு பாக்டீரியாவைக் கொடுத்து வளர்த்தபோது அந்த எகிறல் அடங்கியது. சாதாரணச் சுண்டெலியின் மலத்தைக் கொடுத்தும் சரிசெய்ய முடிந்தது, ஆனால் சிறு வயதில் கொடுத்தால் மட்டும். வளர்ந்தபின் கொடுத்தால் பலிக்கவில்லை. பதற்றத்தை ஆளும் சுற்று உருவாகும் பருவத்தில் பாக்டீரியாவுக்கு ஒரு கை இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. கூடவே கிருமியே இல்லாத மனிதக் குழந்தை உலகில் வளர்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து அயர்லாந்தின் கார்க் நகரம். நோயாளி யாராவது புரோபயாடிக் பேச்சை எடுத்தால் நான் சொல்வது இந்த ஊர்க் கதையைத்தான். ஜான் கிரையன், டெட் டைனன் இருவரும் நடத்திய குழு, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2011இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. லாக்டோபேசிலஸ் ராம்னோசஸ் என்ற பாக்டீரியாவின் ஜேபி-1 ரகத்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பிறகு தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் விட்டார்கள். ஏற வழியில்லை என்று தெரிந்ததும் சுண்டெலி நீந்துவதை விட்டுவிட்டு மிதக்கும். எவ்வளவு நேரம் மிதக்கிறது என்பதை மனச்சோர்வுக்கு ஓர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பாக்டீரியா பெற்றவை அதிக நேரம் நீந்தின. பதற்ற ஹார்மோனும் குறைந்தது. மூளையில் காபா என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் மாறியிருந்தன. அடுத்து வேகஸ் நரம்பை அறுத்துவிட்டுக் கொடுத்துப்பார்த்தார்கள். ஒரு பலனும் இல்லை. இவ்வளவு சுத்தமாக ஒரு சோதனை அமைவது அபூர்வம். உலகமே திரும்பிப் பார்த்தது. மனதுக்கு நன்மை செய்யும் பாக்டீரியா என்ற பொருளில் ‘சைக்கோபயாடிக்’ என்ற சொல்லை 2013இல் உருவாக்கியவர்களும் இவர்களே.

பிறகு அதே குழு அதே ஜேபி-1 ரகத்தை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்தது. பதற்றம், மனநிலை, ஹார்மோன், நினைவாற்றல், மூளை அலை எதிலும், மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட ஒரு மாற்றமும் இல்லை. 2017இல் அந்த முடிவை அவர்களே வெளியிட்டார்கள். எலியிலிருந்து மனிதனுக்கு வரும் வழியில் தொலைந்துபோனதோ என்ற தொனியில் தலைப்பும் வைத்தார்கள். தாங்களே வளர்த்த நம்பிக்கைக்கு எதிரான முடிவைத் தாங்களே அச்சேற்றியதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை கூடியது. காணொளிகளில் 2011 வரும்; 2017 வருவதே இல்லை. ஆரோக்கியமானவர்களிடம் வேலை செய்யாததால் நோயாளிகளிடமும் செய்யாது என்று முடித்துவிட முடியாது, சரிதான். ஆனால் சுண்டெலி நீந்தியதை வைத்துக் கேப்சூல் விற்கவும் முடியாது.

மனச்சோர்வு உள்ளவரின் மலத்தை எலிக்குள் செலுத்தினால் எலியும் சோர்ந்துபோகிறது என்ற செய்தியையும் நீங்கள் பார்த்திருக்கலாம். 2016இல் கார்க் நகரிலிருந்தும் சீனாவின் சோங்சிங் நகரிலிருந்தும் தனித்தனியாக அப்படி முடிவுகள் வந்தன. மனிதரின் மனக்கலக்கத்தை எலிக்கு மாற்ற முடிகிறது என்பது சிலிர்க்கவைக்கும் செய்திதான். ஆனால் இந்தவகைச் சோதனைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்த ஓர் அலசல் 2020இல் வந்தது. நீரிழிவு, உடல்பருமன், மூளைநோய் எனப் பலவகை நோய்களுக்கு இப்படி மனித பாக்டீரியாவை எலிக்குள் செலுத்திய 38 ஆய்வுகளில் 36 வெற்றி என்று சொல்லியிருந்தன. அதை எழுதியவர்கள் கைதட்டவில்லை. இவ்வளவு வெற்றி நம்பும்படியாக இல்லை என்றார்கள். மனித பாக்டீரியாவில் பல எலிக்குடலில் தங்குவதே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கினால் வாத்தியார் வினாத்தாளைத்தான் சந்தேகிப்பார்.

மனிதர்களிடம் நேரடியாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் யெரூன் ராஸ் தலைமையிலான குழு 1,054 பேரின் மலத்தை ஆராய்ந்து 2019இல் முடிவு சொன்னது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் கோப்ரோகாக்கஸ், டயாலிஸ்டர் என்ற இரண்டு பாக்டீரியா இனங்கள் குறைவாக இருந்தன. மாத்திரைகளின் பாதிப்பைக் கணக்கில் கழித்த பின்னும் அந்த வித்தியாசம் நின்றது. கோப்ரோகாக்கஸ் பியூட்டிரேட் உண்டாக்கும் இனம் என்பதால் கதை பொருந்திவருவதுபோல் இருக்கிறது. அந்த அம்மாவின் கட்டைப்பையை இங்கே மறுபடி எடுக்கிறேன். மனச்சோர்வில் இருப்பவர் என்ன சாப்பிடுகிறார்? எத்தனை நாள் காய்கறி வாங்கப் போகிறார்? சமைக்கத் தெம்பில்லாமல் பிஸ்கட்டும் டீயும் குடித்தே நாளை ஓட்டுபவரின் குடலில் நார்ச்சத்து தின்னும் பாக்டீரியா குறையாமல் என்ன செய்யும்? தூக்கம் கெடுகிறது, நடமாட்டம் குறைகிறது, மலச்சிக்கல் வருகிறது. ஒவ்வொன்றும் குடலின் குடித்தனத்தை மாற்றும். ஒரே சமயத்தில் எடுத்த ஒரு மல மாதிரியில் எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று எழுதியிருக்காது. மருந்துகளும் சேர்ந்துகொள்ளும்: ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியா ரகங்களின்மேல் சோதித்தபோது, ஆன்டிபயாடிக் அல்லாத, மனித உடலைக் குறிவைத்த மருந்துகளிலேயே 24 சதவீதம் ஏதாவது ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்தன. அவற்றில் மனநோய் மருந்துகள் கணிசமாக இருந்தன. ஆக, என் நோயாளியின் மலத்தில் நான் எதைப் பார்ப்பேன்? நோயையா, அவருடைய சாப்பாட்டையா, நான் எழுதிக்கொடுத்த மாத்திரையையா?

உங்களிடம் விற்கப் பார்க்கும் மலப் பரிசோதனைக்கு இதுவே பதில். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணப் பட்டைகளோடு அந்த அறிக்கையை இரண்டு மூன்று நோயாளிகள் என் மேசைமேல் விரித்திருக்கிறார்கள். அச்சு நன்றாக இருந்தது. ரத்தச் சர்க்கரைக்கு இருப்பதுபோல இந்த பாக்டீரியா இவ்வளவு இருந்தால் சரி என்று மனச்சோர்வுக்கு ஓர் அளவு எங்கும் நிர்ணயிக்கப்படவில்லை. அதைப் பார்த்து நான் மாற்றி எழுதக்கூடிய மருந்து ஒன்றுகூட இல்லை. அந்தப் பணத்துக்கு பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் மூன்றையும் பாருங்கள், இதுவரை பார்க்கவில்லை என்றால். பாதி தேறி நின்றுவிட்ட மனச்சோர்வுக்குப் பின்னால் பி12 குறைபாடு ஒளிந்திருப்பதை, குறிப்பாகச் சைவச் சாப்பாட்டுக்காரர்களிடமும் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களிடமும், எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

புரோபயாடிக் கேப்சூலுக்கு வருகிறேன். இது புது யோசனை என்று நினைக்காதீர்கள். புளித்த பாலை உலகெங்கும் பேசவைத்தவர் பாரிஸின் பாஸ்டர் கழகத்தில் இருந்த மெச்னிகாஃப். 1908இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த அலையில் லண்டனின் பெத்லெம் மனநல மருத்துவமனையைச் சேர்ந்த ஜார்ஜ் போர்ட்டர் ஃபிலிப்ஸ் என்பவர் மனச்சோர்வாளர்கள் 18 பேருக்கு லாக்டிக் அமில பாக்டீரியாவைக் கொடுத்து, 11 பேர் முழுதாகக் குணமானார்கள் என்று 1910இல் எழுதினார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு கிடையாது. மனச்சோர்வு தானாகவே சில மாதங்களில் விலகுவதும் உண்டு. 11 பேரில் எத்தனை பேர் பாக்டீரியாவால் தேறினார்கள் என்று அவராலும் சொல்லியிருக்க முடியாது. இதே நம்பிக்கை கத்தியைக் கையிலெடுத்த கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் டிரென்டன் மனநல மருத்துவமனைக்குத் தலைவராக இருந்த ஹென்றி காட்டன், பைத்தியம் என்பதே உடலில் பதுங்கிய கிருமிகளால்தான் என்று நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், டான்சில்களை எடுத்தார், பிறகு பெருங்குடலையே வெட்டியெடுக்க ஆரம்பித்தார். குடல் அறுவையில் பத்துக்கு மூன்று பேர் இறந்ததை அவரே ஒப்புக்கொண்டார். கேப்சூல் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் எல்லாமே குடலில்தான் என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது எனக்கு டிரென்டன் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

இன்றைய சோதனைகள் அன்றையதைவிட எவ்வளவோ மேல். முடிவுகள்தான் கலவையாக இருக்கின்றன. நியூசிலாந்தில் மாத்திரை எதுவும் எடுக்காத, மனநிலை தாழ்ந்த 79 பேரில் பாதிப் பேருக்கு இரண்டு பாக்டீரியா ரகங்களைக் கொடுத்தார்கள். போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. கனடாவின் மக்மாஸ்டரில், உங்களைப்போலவே உப்புசமும் பேதியும் மலச்சிக்கலுமாக அவதிப்பட்ட 44 பேரில் பாதிப் பேருக்கு பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் ரகம் ஒன்றை ஆறு வாரம் கொடுத்தார்கள். பாக்டீரியா பெற்ற 22 பேரில் 14 பேருக்கு மனச்சோர்வு மதிப்பெண் இறங்கியது. போலி பெற்ற 22 பேரில் 7 பேருக்கு. பதற்றம் குறையவில்லை. செலவு நெஸ்லே நிறுவனத்தினுடையது; அதற்காக ஆய்வைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, ஒரு கண் வைத்துக்கொண்டால் போதும். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வு, 2023இல் வந்தது, உங்கள் நிலைக்கு இன்னும் அருகில் வருகிறது: மாத்திரை எடுத்தும் முழுதாகத் தேறாத 49 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, அந்த மாத்திரையோடு சேர்த்து, 14 ரகக் கலவையை எட்டு வாரம் கொடுத்தார்கள். போலி பெற்றவர்களைவிடக் கூடுதல் முன்னேற்றம். எட்டு வாரம், ஐம்பதுக்கும் குறைவானவர்கள் என்ற அளவில் இது ஒரு முன்னோட்டம்தான். ‘மாத்திரையோடு சேர்த்து’ என்ற சொற்களை இரண்டாம் முறை படியுங்கள். மாத்திரைக்குப் பதிலாகக் கொடுத்துத் தேற்றியதாக நம்பகமான பெரிய சோதனை ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கல், பாக்டீரியாவில் ரகம்தான் எல்லாம். பொன்னி வேகவைத்துப் பிரியாணி செய்ததை வைத்துப் பாஸ்மதிக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது. நம் மருந்துக்கடைகளில் பேதி என்றதும் எடுத்து நீட்டும் சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் இருப்பது பெரும்பாலும் பேசிலஸ் கிளாசி. இன்னும் சிலவற்றில் இருப்பது பாக்டீரியாகூட இல்லை, சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட். மேலே சொன்ன மூன்று சோதனைகளிலும் இவை இல்லை. வாங்கிப் பார்க்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டு இரண்டு மாதம் பாருங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவராக இல்லாதவரை பெரிய ஆபத்து இல்லை, பணம் போவதைத் தவிர.

நான் பாக்டீரியாவைவிடத் தட்டை நம்புகிறவன். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா நடத்திய சோதனை 2017இல் வந்தது. நடுத்தரம் முதல் கடுமையான மனச்சோர்வுள்ள 67 பேர்; பெரும்பாலோர் ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள். பாதிப் பேருக்கு உணவியல் நிபுணர் காய்கறி, பழம், முழுதானியம், பயறு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று சாப்பாட்டை மாற்றிக்கொடுத்தார். மீதிப் பேருக்கு அதே அளவு நேரம் ஒருவர் உட்கார்ந்து பேச்சுத்துணை கொடுத்தார். 12 வாரத்தில் முதல் குழுவில் 32 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டார்கள். இரண்டாவதில் 8 சதவீதம். தான் என்ன சாப்பிடுகிறோம் என்பது சாப்பிடுபவருக்குத் தெரியாமல் இருக்காது என்பதால், நம்பிக்கையின் பங்கை இதில் பிரித்தெடுக்க முடியாது. குடல் பாக்டீரியா வழியாகத்தான் குணமானார்கள் என்றும் இந்தச் சோதனை சொல்லவில்லை. ஆனாலும் இதைப் பின்பற்றி யாருக்கும் கெடுதல் வராது. நமக்கு ஆலிவ் எண்ணெய் வேண்டாம்; சுண்டல், கீரை, கம்பு, பச்சைப்பயறு, கிடைத்தால் மத்தி மீன் போதும். ஒரே நாளில் மாற்றாதீர்கள், உப்புசம் உள்ள வயிற்றுக்குத் திடீர் சுண்டல் தண்டனை.

இட்லி மாவு புளிப்பதும் லாக்டிக் அமில பாக்டீரியாவால்தான், ஆகவே இட்லியே புரோபயாடிக் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆவியில் அவை செத்துப்போகும். மோர்க்குழம்பு கொதித்தாலும் அதே கதி. பழைய சோற்றில் உயிரோடு இருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அதை ஆராய எடுத்துக்கொண்டது குடல் அழற்சி நோய்க்காக, மனச்சோர்வுக்காக இல்லை.

உங்கள் வயிற்றுத் தொந்தரவைத் தனியாக ஒரு குடல் மருத்துவரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே. இல்லை என்றால் இது பெரும்பாலும் ஐபிஎஸ் எனப்படும் எரிச்சல் குடல் நோயாக இருக்கும். அதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று என்ன தெரியுமா? அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கென்று வந்த பழைய மாத்திரை. பிரிட்டனில் 463 பேரிடம் மிகக் குறைந்த அளவில் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து, குடல் உபாதையைக் குறைக்கிறது என்று 2023இல் உறுதிசெய்தார்கள். உங்கள் காணொளிக்காரர் வயிற்றுக்கு மருந்து கொடுத்து மனதைக் குணப்படுத்தப் பார்க்கிறார். குடல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாக இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். எஸ்சிட்டாலோபிராமோடு இதைச் சேர்க்கலாமா என்பதை இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவெடுக்கட்டும், நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மனநல மருத்துவரிடம் அடுத்தமுறை போகும்போது, பாதிதான் தேறியிருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எப்படி இருக்கிறீர்கள் என்றால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வருபவர்களுக்கு நாங்களும் அதே சீட்டையே மறுபடி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தவறு இரண்டு பக்கமும் உண்டு. 10 மில்லிகிராம் என்பது தொடக்க அளவு. கூட்டலாம், வேறு மாத்திரைக்கு மாறலாம், பேச்சுச் சிகிச்சையைச் சேர்க்கலாம். கையில் இத்தனை வழி இருக்கும்போது குடலைக் குற்றம் சொல்ல அவசரம் என்ன? இடையில் வாழ்ந்து என்ன என்ற எண்ணம் தலைதூக்கினால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மோர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் உறையூற்றிய தயிரில் என்ன ரகம், எத்தனை கோடி என்று யாரும் எண்ணியதில்லை. மனச்சோர்வு தீரும் என்று நான் சொல்ல முடியாது. குடியுங்கள். பெருங்காயம் போட்டுக் குடித்தால் உப்புசத்துக்கு இதமாக இருக்கிறது என்று என் நோயாளிகள் சொல்கிறார்கள். எஸ்சிட்டாலோபிராமை அந்த மோரிலேயே விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது.